ஏட்டுக்குத் தோதான தரை

ஊரில் ஓடும் பாதி ஆட்டோக்களுக்கு சீட் உறை தைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப்போன என் மச்சான் ஜமாலுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்க வாய் வருகிறது. கேட்டுவிட்டேன் என்றே வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். உன் மனைவி, எனக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி ரஹ்மத்துக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. உன் மகள் நஸ்ரின் பிள்ளை உண்டாகியிருக்கிறாள். என் செல்வி வழக்கம்போல என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். ஏட்டு இப்போதுதான் ஒரு கட்டு அருகம்புல்லை முடித்துவிட்டு, கழுத்தை நீட்டி வெயிலில் கிடக்கிறான்.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் அது பொய்யாகிவிடும் என்று பயம். இப்போது சொல்லிவிடுகிறேன். யார் படித்தாலும் படிக்கட்டும். ஆமை வளர்க்கிறவர்கள் யாராவது படித்தால் இன்னும் நல்லது. நான் செய்ததை அவர்கள் செய்யாமல் இருப்பார்கள்.

அப்படிப் படிக்கிறவர்களுக்காக நம் ஏட்டைப் பற்றி நாலு வரி. நீ பொறுத்துக்கொள். ஏட்டு போலீஸ்காரர் இல்லை, ஆமை. நம் நாட்டு நட்சத்திர ஆமையும் இல்லை. அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். இவன் ஆப்பிரிக்கப் புல்வெளி வம்சம். வெளிநாட்டுக்குக் குடிபோன உன் வாடிக்கையாளர் ஒருவர், உள்ளங்கை அளவில் இருந்தவனை, வனத்துறைப் பதிவுத் தாளோடு பூந்தமல்லியில் உன் கடையில் விட்டுப் போனார். ஏழு வருடத்தில் பிரியாணி தேக்சாவின் மூடி அளவுக்கு வளர்ந்தான். கடைக்குப் பின்னால் இருந்த மண் தரையில், காலையும் மாலையும் மதிலோரமாக ஒரு சுற்று வருவான். "ஏட்டு ரவுண்ட்ஸ் போறாரு பாரு" என்று நீ ஒருநாள் சொன்னாய். பெயர் ஒட்டிக்கொண்டது.

நீ போன இரண்டாம் மாதம் தங்கச்சி போன் செய்தது. "அண்ணே, கடைய காலி பண்ணிக் குடுத்துட்டோம். ஏட்ட எங்கண்ணே வெக்கிறது? எங்க ஊட்ல ஒரு பிடி மண்ணு இல்ல. முன்னப்பின்ன தெரியாதவங்களுக்குக் குடுக்க மனசு வரல."

"நான் இன்னாத்துக்குக் கீறேன்? நூம்பல்ல நம்ம ஊட்டு பின்னாடி எடம் சும்மா கீது. நான் வந்து தூக்கினு வரேம்மா" என்றேன். பதிவை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் போட்டோம். தங்கச்சி கையெழுத்துப் போடும்போது உன் பெயர் இருந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவியது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

நான் டைல்ஸ் மேஸ்திரி. என் வீட்டுக்கு வரும் உன் பிள்ளைக்கு மண்ணிலா இடம் கொடுப்பேன்? ஆறடிக்கு எட்டடியில் கல் வைத்து அவனுக்கு ஓர் அடைப்பு கட்டினேன். இரண்டடி உயரச் சுவர், ஒரு மூலையில் நிழலுக்குச் சின்னக் குகை மாதிரி ஒன்று. கீழே, உன் வீட்டு வேலையில் மிஞ்சிய சந்தனக் கலர் டைல்ஸ் இரண்டு பெட்டி என்னிடம் இருந்ததே, அதையே பதித்தேன். உன் வீட்டுத் தரையிலேயே அவன் இருக்கட்டும் என்று ஓர் ஆசை. தண்ணீர் ஓட வாட்டம் பார்த்து, மூலைக்கு மூலை நூல் பிடித்துப் போட்டேன். முகம் பார்க்கலாம் அதில்.

ஏட்டை இறக்கி விட்டேன். நாலு கால்களும் நாலு திசைக்குப் போயின. நகத்தால் தரையைப் பிறாண்டினான். முன்னங்கால் பிடி கிடைக்காமல் நழுவ, வயிற்று ஓடு டைல்ஸில் தேய்ந்து கர்ரென்று சத்தம் வந்தது. புது இடம், போகப்போகப் பழகிவிடும் என்றேன். செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்தாள்.

"இது நடக்கலய்யா. நீஞ்சுது" என்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். பதினைந்து நாளில் அவன் பின்னங்கால்கள் விரிந்தபடியே நின்றுவிட்டன. ரவுண்ட்ஸ் போவதும் நின்றது. அப்போதுகூட என் தரையைப் பெயர்க்க எனக்கு மனம் வரவில்லை, மச்சான். அதன்மேல் மணலைக் கொட்டினால் பிடிப்பு கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். பூச்சு வேலைக்கென்று பதுக்கி வைத்திருந்த ஆற்று மணலைச் சலித்து, மாவு மாதிரி ஆக்கி, நாலு அங்குலத்துக்குப் பரப்பினேன். ஆப்பிரிக்கா என்றாலே மணல்தானே என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

நடை கொஞ்சம் தேறியது. நான் சந்தோஷமாகக் கீரையைக் கழுவி, ஈரத்தோடு மணல் மேலேயே போட்டேன். ஒட்டிய மணலோடு அவன் தின்றான். தினமும் தின்றான். மூன்றாவது வாரம் தின்பதை நிறுத்தினான். கண்ணை மூடிக்கொண்டு குகைக்குள் கிடந்தான். வெளிக்குப் போகவில்லை.

தங்கச்சி பார்க்க வந்தது. சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஏட்டு, ஏட்டு" என்று கூப்பிட்டது. அவன் தலையை நீட்டவே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. "அவரத் தேடுதுண்ணே. கடையில மிஷின் சத்தம் கேட்டாத்தான் சாப்பிடும். இப்ப யாரு கீறாங்க அதுக்கு?"

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். ஆமை உனக்காகத் துக்கம் காக்கிறது என்று நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது, ஜமாலு. துக்கம் என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

செல்விதான் விடவில்லை. "துக்கமோ பேதியோ, டாக்டராண்ட காட்டு மொதல்ல" என்று ஆமையைக் காய்கறிக் கூடையில் வைத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். அம்பத்தூரில் கிளி, முயல், ஆமையெல்லாம் பார்க்கும் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். சின்ன வயசு, பொறுமையானவர். ஏட்டைத் தட்டில் வைத்து எடை பார்த்தார், பின்னங்காலை மெல்ல மடக்கிப் பார்த்தார், வயிற்றுப் பக்கம் எக்ஸ்ரே எடுத்தார். நான் இதற்குள் உன் கதை முழுக்கச் சொல்லிவிட்டேன். வளர்த்தவன் போய்விட்டான், அதனால்தான் சாப்பிட மாட்டேன் என்கிறது என்று.

அவர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டுக்குள்ளே குடல் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை வெளேர் என்று ஒரு மூட்டை.

"இது துக்கம் இல்லீங்க. மணல்" என்றார்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன்.

"எதுல வெச்சிருக்கீங்க?"

சொன்னேன். டைல்ஸைச் சொன்னேன், மணலைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வழவழப்பான தரையில இதுங்களால கால ஊன முடியாது. இடுப்பு மூட்டு விட்டுக்கும். மணல்ல பிடிப்பு கிடைக்கும், ஆனா சாப்பாட்டோட உள்ள போனா இப்படி அடைச்சுக்கும். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தீங்கன்னா ஆபரேஷன்தான். அதுலயும் பிழைக்கும்னு சொல்ல முடியாது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க வேணும்னு பண்ணல. இது எதுல நடக்கும்னு கேட்டுட்டு ஆரம்பிச்சிருக்கலாம், அவ்வளவுதான்" என்றார்.

தினமும் இரண்டு வேளை வெதுவெதுப்பான நீரில், கழுத்து முழுகாத அளவுக்கு, அரைமணி நேரம் உட்கார வைக்கச் சொன்னார். வாய் வழியாக ஒரு மருந்து. என்ன வெளியேறுகிறது என்று தெரிய வேண்டும் என்பதால், அதுவரை கெட்டியான பழைய துண்டின் மேல் வைக்கச் சொன்னார். வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். செல்வி துணி ஊறவைக்கும் டப்பைக் கொடுத்தாள். கையைத் தண்ணீரில் விட்டுச் சூடு பார்ப்பேன், ஆறினால் மாற்றுவேன். என் பிள்ளைகளை நான் குளிப்பாட்டியதே இல்லை, மச்சான். இந்த வயதில் ஓர் ஆமையின் முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, "போயிடாதடா, போயிடாதடா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடம் சொன்னேன்?

ஒன்பதாம் நாள் காலையில் துண்டில் ஒரு கைப்பிடி மணல் கிடந்தது. ஈரமாக, சாம்பல் நிறத்தில். மறுநாள் இன்னும் கொஞ்சம். பன்னிரண்டாம் நாள் ஒரு செம்பருத்திப் பூவை நீட்டினேன். முகர்ந்தான், கழுத்தை நீட்டினான், கடித்தான். செல்வி தெருவுக்கே கேட்கும்படி என்னைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இனி எதில் வைப்பது? இந்த முறை கேட்டுவிட்டுத்தான் கை வைத்தேன். தச்சு வேலைக்காரர் ஒருவர் ஒரு மூட்டை மரத்தூள் தருகிறேன் என்றார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். பிளைவுட் பசையும் தூசியும் மூக்குக்கும் கண்ணுக்கும் ஆகாது என்றார். அயனம்பாக்கத்தில் என்னோடு வேலை செய்பவர் ஏரி மண் கொண்டுவந்து கொட்டவா என்றார். அது களிமண். நனைந்தால் ஓட்டில் அப்பும், காய்ந்தால் செங்கல். அது நானே அறிந்தது. நர்சரியில் செம்மண் கேட்டால், உரம் கலந்த மண்ணைக் காட்டினார்கள். ஆமை தரையை நக்கும், உரம் வேண்டாம், வெறும் செம்மண் கொடுங்கள் என்று கெஞ்சி வாங்கினேன். தேங்காய் நார்த்தூள் கட்டியை ஊறவைத்து, உப்பு போக மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்தேன். செம்மண் இரண்டு பங்கு, நார்த்தூள் ஒரு பங்கு. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் குத்தினால் உதிர வேண்டும். டாக்டரம்மா சொன்ன பதம் அது. கலவை போட்ட கைக்கு அது மட்டும் உடனே புரிந்தது.

"ஒரு அடிக்குக் குறையாம போடுங்க. அது தோண்டும்" என்றார். "கீழ டைல்ஸ் இருக்கக் கூடாது. மழைத் தண்ணி இறங்காம தேங்கினா ஓடு அழுகிடும்."

ஆகவே சுத்தியும் உளியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் போட்ட தரையை நானே உடைத்தது அதுதான் முதல் தடவை. மூன்றாவது கல்லை உடைக்கும்போது பின்வாசலில் தங்கச்சி வந்து நின்றது. கையில் ஏட்டுக்கு நறுக்கிய முள்முருங்கை இலை. உடைந்து கிடந்த சந்தனக் கலர் துண்டுகளைப் பார்த்தது. அதன் வீட்டு வாசலில் பதித்திருப்பதும் அதே கல்தான்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

நஸ்ரின் நிக்காஹ்வுக்கு முன்னால் உன் வீட்டுக்குத் தரை போட வந்தேன், நினைவிருக்கிறதா? "வாசலுக்கு மட்டும் சொரசொரப்பா போடு மச்சான். சுகர் வந்ததுலேந்து காலு தரைய தொட்டுச்சா இல்லியான்னே தெரில" என்றாய். நான் சிரித்தேன். "கல்யாண ஊடு மாமே. வர்றவன் மொகம் பாத்து தல சீவிக்கணும். என் சீர்னு வெச்சிக்கோ" என்றேன். நீ அதற்குமேல் பேசவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்து மேஸ்திரி யார் என்று கேட்டார்கள். என் தோளில் கை போட்டு நீ என்னைக் காட்டினாய்.

அந்த வருட மழையில், பால் பாக்கெட்டோடு உள்ளே வந்த நீ அந்த வாசலில்தான் விழுந்தாய். தொடை எலும்பு. தகடு வைத்தார்கள். வாக்கர் பிடித்துக் கடைக்குப் போனாய். ஐந்து மாதம் கழித்து உன் நெஞ்சு நின்றது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருக்குமா, இருக்காதா என்று எனக்குள் நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன், தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ முறை வந்தேன். ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தேன். மன்னிச்சிடு மச்சான் என்ற வார்த்தையை மட்டும் ஒருநாளும் உரித்து எடுக்கவில்லை.

தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏட்டு உன்னைத் தேடிப் பட்டினி கிடக்கவில்லை, என் மணலைத் தின்றுதான் படுத்துவிட்டது என்றேன். "ஜமாலு கேட்டத நான் போடல தாயி. எனக்குப் புடிச்சதப் போட்டேன். அவனுக்கும் அப்டிதான், ஏட்டுக்கும் அப்டிதான்" என்றேன்.

தங்கச்சி முள்முருங்கை இலையைச் சுவர்மேல் வைத்தது.

"தெரியும்ணே. அவரு சொரசொரப்பா கேட்டப்ப நான் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன்."

"கோவம் இருந்திருக்குமே."

"இருந்துச்சு. இல்லன்னு சொன்னா அது பொய்யி. நீங்க பழம் வாங்கினு வரும்போதெல்லாம் மூஞ்ச திருப்பிக்குவேன். நீங்க பாக்கலையா?" முந்தானையைத் தோளில் சரி செய்துகொண்டது. "அவருக்கு இல்லண்ணே. 'மச்சான் ஆசையா போட்டான், நாந்தான் பாத்து நடக்கல. அவன ஒண்ணும் கேக்காத ரஹ்மத்து, அவன் தாங்கமாட்டான்'னாரு. அதான் கேக்கல."

ஏன் ஜமாலு? என்னிடம் ஒரு தடவை கத்தியிருக்கக் கூடாதா? தொடையில் தகடோடு படுத்துக்கொண்டு, நான் தாங்குவேனா என்று பார்த்தாயா நீ?

"இப்பயும் கோவமாம்மா?" என்று கேட்டேன்.

"முழுசா போச்சுன்னு சொல்லத் தெரில. ஆனா நீங்க சொன்னது நல்லாருக்கு." பிறகு குனிந்து ஓர் உடைந்த துண்டை எடுத்துக் கூடையில் போட்டது. இன்னொன்றை எடுத்தது. "ஒடைங்கண்ணே. நான் பொறுக்குறேன்."

மதியத்துக்குள் அடித்தளம் முழுக்கப் பெயர்த்துவிட்டோம். கீழே இறுகிக் கிடந்த தரையைக் கொத்திவிட்டு, மண் கலவையைக் கொட்டி நிரப்பினேன். செல்வி பூவாளியால் தண்ணீர் தெளித்தாள். குகைக்குள் காய்ந்த புல். சாப்பாடு மண்ணில் படாமல் இருக்க, வழுக்காமல் கொத்தின கருங்கல் பலகை ஒன்று. மண்ணை இரண்டு நாள் ஆறவிட்டோம். மேலே உலர்ந்து, உள்ளே ஈரம் நின்றது.

ஏட்டை இறக்கிவிட்ட அன்று தங்கச்சியும் வந்திருந்தது. அவன் கொஞ்ச நேரம் அசையவில்லை. மூக்கை மண்ணில் வைத்தான். முன்னங்காலை ஊன்றினான். நகம் இறங்கியது, நின்றது. அடுத்த கால். பின்னங்கால் இன்னும் கொஞ்சம் விரிந்துதான் வருகிறது, ஆனால் நழுவவில்லை. சுவரோரமாக மெதுவாக ஒரு முழுச் சுற்று வந்தான். நாங்கள் மூன்று பேரும் குனிந்தபடி பார்த்தோம். பிறகு குகை வாசலில் தோண்டத் தொடங்கினான். பின்னால் எறிந்த மண் செல்வியின் புடவை மேல் விழுந்தது. அவள் இதற்கு மட்டும் திட்டவில்லை.

போகும்போது தங்கச்சி சொன்னது: "எங்க ஊட்டு வாசலயும் ஒடச்சிடுங்கண்ணே. நானும் பயந்து பயந்துதான் நடந்துகினு கீறேன்."

போன வாரம் அதை உடைத்தேன். இந்தத் தடவை ஆறு வகை மாதிரிக் கல் எடுத்துப் போனேன். வாசலில் வரிசையாக வைத்து, குடத்துத் தண்ணீரை ஊற்றி, தங்கச்சியை வெறுங்காலோடு ஒவ்வொன்றின் மேலும் நடக்கச் சொன்னேன். எனக்குப் பிடித்தது நாலாவது கல், தேன் கலரில் ஓடிய கோடு. தங்கச்சி அதில் ஏறி, காலைத் தேய்த்துப் பார்த்து, "இது வாணாம்ணே" என்றது. கடைசிக் கல்லில் நின்றது. திண்ணென்று நின்றது. மங்கலான சாம்பல் கலர், பார்க்க ஒன்றுமே இல்லை. அதைத்தான் போட்டேன்.

நேற்று காலை மழை. தங்கச்சி போன் செய்து, "நனஞ்ச வாசல்ல போயி பால் வாங்கினு வந்தேண்ணே, செவுத்தப் புடிக்கல" என்றது. அவ்வளவுதான் சொன்னது. நான் போனைச் செல்வியிடம் கொடுத்துவிட்டேன்.

ஏட்டுக்கு இன்னும் ஐம்பது அறுபது வருடம் ஆயுள் உண்டு என்கிறார் டாக்டரம்மா. நான் அவ்வளவு தூரம் வரமாட்டேன். வருகிறவரை மண்ணை வாரம் ஒருமுறை கிளறிவிடுவேன், மழைக்கு மேலே தகரம் போடுவேன். எனக்குப் பிறகு அவனை நஸ்ரின் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் ஆவடியில் மனை வாங்கியிருக்கிறார்கள். அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டியாகிவிட்டது. அந்த வீட்டுக்குத் தரை நான்தான் போடப் போகிறேன். உன் மகள் ஈரக்காலோடு நடந்து பார்த்துச் சரி என்று சொல்லாத ஒரு கல்லையும் பதிக்கமாட்டேன், மச்சான். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி மண்ணை மண்ணாகவே விட்டுவிடுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மன்னிச்சிடு ஜமாலு.

நீ கட்டிய பெண்ணுக்கு அண்ணன்,
உன் மச்சான்
ஏழுமலை
நூம்பல்